பிடித்த பாட்டும் பிறர் செவியும்

"இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும்" என்று ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும்போது அவர் உண்மையில் எதைச் செய்கிறார்? ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் செய்தி தெரிவிப்பவர் கேட்பவரின் முகத்தைக் கூர்ந்து நோக்குவதில்லை. சந்தையில் மீன் விலை ஏறிவிட்டது என்பவர் சொல்லிவிட்டுத் தம் வழியே போய்விடுகிறார். பாட்டைப் பற்றிச் சொல்பவரோ சொல்லி முடித்ததும் காத்து நிற்கிறார். கேட்பவர் முகம் மலர்ந்தால் மகிழ்கிறார். சுளித்தால் உள்ளூரப் புண்படுகிறார். அந்தப் பாட்டை இயற்றியவர் அவரல்லர், பாடியவரும் அவரல்லர். பின் அந்தப் புண் எங்கிருந்து வருகிறது?

வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தால் இவ்வினாவின் ஆழம் விளங்கும். இலங்கை வானொலியும் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவும் இத்தகைய நிகழ்ச்சிகளால் தமிழர் இல்லங்களில் உறுப்பினர்போல் இடம்பெற்றன. பாட்டுக்கு முன்னே பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும்: தோட்டத்தின் பெயர், தெருவின் பெயர், அண்ணன், அக்காள், பள்ளித் தோழர். பாட்டைக் கேட்பது மட்டுமே நோக்கமாயின் ஓர் இசைத்தட்டு போதும். அஞ்சலட்டை எழுதி, வாரக்கணக்கில் காத்திருந்து, அந்தப் பாட்டு தம் பெயரோடு சேர்ந்து முன்பின் அறியாதவர் காதிலும் விழவேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். விருப்பம் என்பது தனிமையில் நிறைவு காண்பதில்லை போலும்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இனியது வேறு, அழகியது வேறு என்று பிரித்துக் காட்டினார். ஒரு மது இனிது என்பவரிடம், 'உமக்கு இனிது என்று சொல்லும்' எனத் திருத்தினால் அவர் ஒப்புக்கொள்வார். கேட்டுக்கொண்டிருக்கும் இசை அழகியது என்பவரை அவ்வாறு திருத்த இயலாது. அழகு என்ற சொல்லை உச்சரிக்கும்போதே, பிறரும் அதை ஏற்கவேண்டும் என்ற கோரிக்கை அதனுள் வந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. நடைமுறை வாழ்வு இதைவிடச் சற்றுச் சூதானது. 'அழகானது' என்று சொல்லப் பலருக்குத் துணிவில்லை. 'எனக்குப் பிடிக்கும்' என்ற அடக்கமான சொல்லுக்குள் அந்தப் பெரிய கோரிக்கையை ஒளித்துவைக்கிறார்கள். மறுக்கப்பட்டால், 'என் விருப்பத்தைத்தானே சொன்னேன்' என்று பின்வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? ஆயினும் உள்ளம் பின்வாங்குவதில்லை. புண்பட்டது அதனால்தான்.

கோரிக்கை வைப்பவருக்குக் கடமையும் உண்டு. தம் பாட்டைப் பிறர் கேட்கவேண்டும் என்று விரும்புபவர் பிறர் பாட்டையும் கேட்கக் கடமைப்பட்டவர். கருநாடக இசை விரும்பும் இருவர் இராகங்களைப் பற்றி அளவளாவும்போது இக்கடமை சுமையாகத் தெரிவதில்லை. வேறு மொழியும் வேறு தாளமும் கொண்ட இசையை ஒருவர் நீட்டும்போதுதான் சோதனை தொடங்குகிறது.

இச்சோதனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனியான இசை உண்டு என்பது அதன் கொள்கை. ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று அந்நூல் தரம் பிரிக்கவில்லை. இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அரசவையில் மாதவி அரங்கேறிய ஆடலின் நுட்பங்களை விரித்துரைத்த அதே காப்பியத்தில் வேட்டுவர் வரிக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் மலைவாணர் குரவைக்கும் இடமளித்தார். கற்றறிந்த அவையோர் காடுவாழ் மக்களின் பாட்டுக்குச் செவிசாய்க்க வேண்டியவர்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. காப்பியத்தின் அமைப்பாலேயே செய்து காட்டினார்.

ஐந்து நிலங்களும் ஒரே தெருவில் வந்து குடியேறினால் எப்படியிருக்கும் என்பதற்குப் பினாங்கு சான்று. ஜார்ஜ்டவுனில் முன்பு பிட் தெரு எனப்பட்டு, இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரால் வழங்கும் சாலையை ஒட்டி, 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் சீனரின் கருணைத் தேவி ஆலயமும் அப்பள்ளிவாசலும் நிற்கின்றன. அருகே குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில். ஆர்கன் இசையும் சீனர் கூத்தின் தாளமும் நாதசுரமும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று நுழைகின்றன. பாங்கோசையும் அவற்றினிடையே எழுகிறது. அதை இசையென்று இஸ்லாமியர் கொள்வதில்லை, ஆனால் ஊரின் செவி அதையும் தன் ஒலிகளுள் ஒன்றாகவே அறியும். இவ்வளவும் இருநூறு ஆண்டுகளாகக் காதில் விழுகின்றன என்பது உண்மை. விழுவதும் கேட்பதும் ஒன்றா? அண்டை வீட்டார் போற்றும் பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லுமாறு பணித்தால் திகைத்து நிற்போரே இத்தீவில் மிகுதியாக இருப்பர்.

திகைக்காதவர்களும் இருந்தார்கள் என்பதற்குப் போரியா ஒரு சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் முஹர்ரம் காலத்தில் நிகழ்த்திய சடங்கிலிருந்து அது பிறந்தது என்பர். பினாங்கு மலாய் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். முன்னணிப் பாடகர் ஓர் அடியைப் பாட, குழுவினர் அதைப் பல்லவியாகத் திருப்பிப் பாடுவர். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்ததில்லை. இந்தித் திரைப்பாட்டும் மேனாட்டு நடன இசையும் அதனுள் புகுந்தன. 1885இல் இதே நகரில் மாமாக் பூஷி என்பவர் பார்சி நாடகக் குழுவினரைப் பின்பற்றி மலாய் மொழியில் பங்சாவான் நாடகக் குழுவை அமைத்த கதையும் இதனோடு ஒத்தது. ஆனால் எல்லோரும் இதை வரவேற்றனர் என்று கருதுவது பிழை. சமயச் சீர்திருத்தம் நாடிய முஸ்லிம் அறிஞர்கள் 1920களில் போரியாவைக் கடுமையாகக் கண்டித்தார்கள். துயர நாளின் நினைவு கேளிக்கையாக மாறுவதைக் கண்டு அவர்கள் வருந்தியதை வெறும் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கைமாறும் பாட்டு தன் பொருளில் ஒரு பகுதியை வழியில் இழக்கத்தான் செய்கிறது. அந்த இழப்பை அறிந்து பெற்றுக்கொள்பவருக்கும் அறியாமல் வாரிக்கொள்பவருக்கும் வேறுபாடு உண்டு.

பி. ரம்லியின் வாழ்க்கை வேறொரு பாடத்தைத் தருகிறது. 1929இல் பினாங்கில் பிறந்த அவருடைய தந்தை ஆச்சே நாட்டிலிருந்து வந்தவர். 1948இல் அவரைச் சிங்கப்பூர்த் திரையுலகுக்கு அழைத்துச் சென்றவர் இந்தியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ், 1950இல் 'பக்தி' என்ற படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். ஜோகெட், இந்துஸ்தானி மெட்டு, தென் அமெரிக்கத் தாளம் ஆகியவை அவருடைய பாட்டில் இயல்பாக உறவாடின. நாடே பாடிய அப்பாட்டுகளை, 1960களின் நடுவில் கிதார் குழுக்களின் அலை எழுந்தபோது, இளையோர் பழசு என்று தள்ளினார்கள். 1964இல் கோலாலம்பூர் திரும்பியபின் அவருடைய செல்வாக்கு தேய்ந்தது. 1973இல் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். டான் ஸ்ரீ பட்டம் 1990இல்தான் வழங்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பாட்டு மாறவில்லை. அதைப் பிடிக்கும் என்று சொல்வதற்கு ஆன செலவுதான் மாறியது. எல்லோரும் விரும்பும் நாளில் விருப்பத்தை வெளியிடுவது எளிது. நகைக்கப்படும் நாளிலும் வெளியிட்டவர்களால்தான் அப்பாட்டுகள் கரைசேர்ந்தன.

தமிழர் தம்முள்ளேயே இந்த நகைப்பை அறிந்தவர்கள். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்தை நினைவுகூரலாம். அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தினர், தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் கேட்டார்கள். இசைக்கு மொழி இல்லை என்று எதிர்த்தரப்பினர் விடையளித்தார்கள். கேட்பதற்கு இது விரிந்த உள்ளத்தின் வாசகம். அன்று அது ஒரு மொழியை மேடைக்கு வெளியே நிறுத்தப் பயன்பட்டது. அவ்வாறு போராடி இடம்பெற்றவர்கள் உறுமி மேளத்துக்கு அதே இடத்தைத் தர முன்வந்தார்களா? தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் உறுமி முழங்குகிறது. அதை அடிக்கும் இளைஞன் அலுவலகத்தில் தன் விருப்ப இசையைக் கேட்டால் வேறொன்றைச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. எது சொல்லத்தக்கது என்று பிறர் வகுத்ததைக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மாற்று ஒலிபெருக்கியை உயர்த்துவது என்று சிலர் எண்ணுகிறார்கள். தண்ணீர்ப் பந்தல்களில் பக்திப் பாட்டா திரைப்பாட்டா என்ற வழக்கு நெடுநாளாக நடைபெறுகிறது. எது ஒலித்தாலும், அடுத்த பந்தலை விஞ்சும் அளவுக்கு ஒலித்தால் அங்கே பகிர்தல் இல்லை. காண்டுக்கே இசைமீது இந்தக் குறை இருந்தது. நறுமணம் தோய்ந்த கைக்குட்டையைப் பையிலிருந்து எடுப்பவர் சுற்றியிருப்போர் அனைவரையும் கேளாமலே முகரச் செய்வதுபோல், இசையும் அண்டை அயலாரைக் கட்டாயப்படுத்துகிறது என்று அவர் சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பில் முதுமையின் கடுகடுப்பும் கலந்திருக்கலாம். எனினும், பிறருடைய ஒப்புதலைக் கோருவதே அழகு என்று சொன்ன அவரே, கேளாமல் திணிக்கப்படும் அழகை வெறுத்தார் என்பது எண்ணத்தக்கது.

பினாங்கில் ரம்லி பிறந்த வீடு இன்று நினைவில்லம். அவர் பாட்டை முணுமுணுக்கும் தமிழ் முதியோர் பலர். மலாய் நண்பர் நீட்டியதை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு அந்த நண்பரை அமரச்செய்து கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்கவைத்தவர் எத்தனை பேர்? அவர்களுக்கு இது எதற்கு, புரியாது என்ற தயக்கம் பணிவுபோல் தோன்றுகிறது. நண்பரின் செவியைக் குறைத்து மதிப்பதும் அதில் அடங்கியிருக்கிறது. சூலியா தெருவின் நாகூர் தர்கா நெடுங்காலமாக நிற்கும் ஊரில், நாகூர் ஹனிபாவின் பாட்டு ஒன்றிலிருந்து தொடங்குவது கடினமன்று. பொருள் என்னவென்று அந்த நண்பர் கேட்பார். அதை மலாய் மொழியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.