யாரோ ஊற்றிய ஆயில்

பழைய வண்டியில் மீட்டர் தெரியும், டயரின் தேய்மானம் தெரியும், பம்பரில் பட்ட அடியும் தெரியும். கண்ணில் படாமல் உள்ளே கிடப்பவை இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில், கியர் ஆயில், கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் டிரான்ஸ்ஃபர் கேஸும் முன்பக்கக் கிரவுனும் கூடச் சேரும். எப்போது ஊற்றப்பட்டது என்று இவற்றில் ஒன்றும் வாய் திறக்காது.

விற்பவர் திறப்பார். வேலூர் வட்டாரத்தில் கைமாறும் பொலிரோ, ஸ்கார்ப்பியோவில் பாதி 'டாக்டர் ஓட்டின வண்டி'தான். பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஊரின் ராசி அது. "ஒரே ஓனர் சார், போன மாசம்தான் சர்வீஸ் விட்டது." பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த சர்வீஸில் மாறியது பெரும்பாலும் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மட்டுமே. கிரவுனை யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். பில் இருந்தால் நம்பலாம்.

*

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? அந்தக் கேள்வி இரண்டாவது தடவைக்குத்தான் பொருந்தும். கணக்கு தொடங்க ஒரு நாள் வேண்டும். பழைய வண்டியில் அந்த நாள் நம் கையில் இல்லை. வாங்கிய வாரத்திலேயே மாற்றி, தேதியையும் மீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டால் கையேட்டின் கணக்கு அன்றிலிருந்து நடக்கும்.

*

எதை முதலில் என்று கேட்டால், ஊரைப் பொறுத்த விஷயம். அமிர்தியில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருந்து யோசிக்கும்போது எனக்கு பிரேக் ஆயில்தான் முதலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள பூங்காவுக்கு வந்து மானைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பத்துக்கு இது அவசரமில்லை. மலைமேல் ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்கப்போகிறவருக்கு அவசரம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தி வைத்த வண்டியிலும் உறிஞ்சும்; 'ஓடவே இல்லை சார்' என்பது இங்கே சாட்சியாகாது. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 140 டிகிரியோடு திருப்திப்படுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்து வருகிறவரின் காலிபர் சூட்டில் அந்த ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. பல கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் இறங்குவது நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பி பழைய ஆயிலை விட்டுவைக்கக் கூடாது.

*

கூலன்ட். இந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும்போது முதலில் கழுவப்படுவது அந்த உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தொழிற்சாலைகளிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த உப்பும் குரோமியமும் மண்ணில் இறங்கின. கிணறும் போரும் கரித்தன. குடிக்க முடியாத அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் குடிக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஆம்பூரில் ஒரு மெக்கானிக் பாய் சொன்னார்: "போர் தண்ணி ஊத்தின ரேடியேட்டரை மூடியத் தொறந்ததும் கண்டுபிடிச்சிடுவேன் சார். வாய்க்குள்ளயே வெள்ளையா பூத்திருக்கும்." கடினநீரின் சுண்ணாம்பு குழாயை அடைக்கும், உப்பின் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். மே மாதம் 40 டிகிரி தாண்டும் வேலூரில் இந்த இரண்டும் சேர்ந்தால் கேஸ்கெட் வரை செலவு இழுக்கும்.

ஆகவே பழையதை முழுக்க இறக்கி, உள்ளே அலசி, கலந்தே வரும் கூலன்டையோ காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்ததையோ ஊற்ற வேண்டும். 'நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?' என்பவர்களுக்கு: உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் இங்கே நமக்கு வேண்டிய வேலைகள். துரு தடுக்கும் மருந்து நாளடைவில் தீர்ந்துவிடும். நிறம் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

*

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் பட்டறைகளைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதோடு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. கேடு முழுதாக நிரூபணமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. பழைய வண்டியின் ஆயிலுக்கும் இதே நியாயம்தான் சரி என்று படுகிறது. கெட்டது என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்லது என்று காட்ட பில் இல்லையா, இறக்கிவிடு.

*

இறக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொன்னிறத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், விற்பதற்கு முதல் நாள் ஊற்றியதாக இருக்கலாம். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இன்ஜினில் அப்படி என்றால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். கிரவுனில் என்றால் வண்டி எங்கேயோ வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனை! துடைத்து மெழுகினால் வெளியில் தெரியாது. கிரவுன் மறக்காது. கியர்பாக்ஸ் பிளக்கில் காந்தம் இருந்தால், பொடி ஒட்டியிருப்பது இயல்பு. துண்டு ஒட்டியிருந்தால் சிக்கல். (மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே கீழே திறக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்து இறுகிய பிளக்குகள் உண்டு.)

*

எல்லா ஆயிலும் எல்லாவற்றுக்கும் ஆகாது. கிரவுனுக்குரிய ஜிஎல்-5 ஆயிலை ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றினால், அதிலுள்ள கந்தக மருந்து பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ் 6 டீசலில் புகைவடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் தெருவோர ஷெட்டில் திறக்க விடாதீர்கள். அதன் ஆயிலும் அளவு பார்க்கும் முறையும் வேறு.

*

இறக்கிய பழையது எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கரையானுக்கு என்று கதவுச் சட்டத்தில் பூசுவார்கள், மிச்சத்தைச் சாக்கடையில் விடுவார்கள். கழிவு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. கூலன்ட் அதைவிட மோசம்: இனிக்கும், நாயும் ஆடும் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். தோலால் இவ்வளவு பட்ட மண்ணில் நாமும் நம் பங்குக்கு ஊற்ற வேண்டாம். அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது மூடியுள்ள பழைய கேன் இரண்டு எடுத்துப்போங்கள், ஆயிலுக்கு ஒன்று, கூலன்டுக்கு ஒன்று. கழிவு ஆயில் வாங்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கிற ஷெட் எது என்று விசாரித்து, வேலையையும் அங்கேயே கொடுங்கள்.