அட்டையை அப்புறம் படி!

"இதெல்லாம் நமக்கு எங்கே புரியப்போகிறது?" நவீன சிற்பம் எதையாவது கண்டால் இப்படி முணுமுணுத்துவிட்டு நழுவுகிறாயே, உனக்குப் புரியாது என்று யார் சொன்னது?

வெனிஸ் நகரின் பெரிய கால்வாய்க் கரையில் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் வாழ்ந்த மாளிகை இன்று அருங்காட்சியகம். அதன் ஜன்னலோரம், தண்ணீர் வெளிச்சம் ஊடுருவ, நீலக் கண்ணாடி உருவங்கள் நிற்கின்றன. அவற்றில் ரோமானியப் புராணத்து ஃபானும் உண்டு. பாதி மனிதன், பாதி ஆடு, தலையில் கொம்பு. பிக்காசோவின் கோட்டோவியங்களை வைத்து 1964-இல் எஜிடியோ கோஸ்தன்தீனி உருவாக்கியவை இவை.

யோசித்துப் பார். பிக்காசோ தந்தது காகிதத்தில் சில கோடுகள். காகிதத்து ஃபானுக்கு முதுகே கிடையாது! அந்த முதுகு எப்படி வளையும், கொம்பு எவ்வளவு தடிக்கும் என்று யாரோ ஒருவர் துணிந்து முடிவெடுத்தாக வேண்டும். கோஸ்தன்தீனி எடுத்தார். இத்தனைக்கும் அவர் கண்ணாடி ஊதும் கைவினைஞர்கூட இல்லை. வெனிஸை அடுத்த முரானோ தீவின் கண்ணாடி உலைக்காரர்களோடு நின்று செய்வித்தார்.

அந்த உலையடியைக் கொஞ்சம் பார். இரும்புக் கம்பி நுனியில், ஆயிரம் டிகிரியைத் தொடும் சூட்டில், கண்ணாடிக் குழம்பு ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கிறது. அதன் நீலம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. இறுகுவதற்குள் இடுக்கியால் கொம்பை இழுத்துவிட வேண்டும். சட்டென்று ஆறவிட்டால் விரிசல் விழும். அதனால் வேறொரு சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றுவார்கள். அதன் பிறகுதான் நீலம் முழுசாய்த் தெரியும். கண்ணில் படாத நிறத்தை நம்பி வேலை செய்த கைகள் அவை!

பிக்காசோவின் கோட்டுக்குக் கோஸ்தன்தீனி பொருள் கண்டார். அவர் சொன்னதற்கு உலைக்காரர் பொருள் கண்டார். அந்த வரிசையில் அடுத்த ஆள் நீதான்! எனக்கு அந்த ஃபான், எதையும் ஒளித்துவைக்க இடமில்லாத மிருகமாகப் படுகிறது. உள்ளேயிருக்கும் காட்டை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டான். உனக்கு அவன் குறும்புக்காரப் பையனாகத் தெரியலாம். தெரிந்தால் உரக்கச் சொல். ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. எந்த வளைவு உன்னை அப்படி நினைக்கவைத்தது என்று விரல் நீட்டிக் காட்டு. அதற்குப் பட்டம் வேண்டாம், கண் போதும்.

இனி எந்தச் சிற்பத்தின் முன் நின்றாலும் பக்கத்திலிருக்கும் விளக்க அட்டைக்கு ஓடாதே. ஐந்து நிமிடம் சுற்றிவந்து பார். உன் முடிவை நீயே எடு. அதன் பிறகு அட்டையைப் படி.