விழுந்தவனின் படம் யாருக்குச் சொந்தம்?

பனி பெய்யாத நாட்டில் பனிக்கட்டியின்மேல் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று நம் பாட்டனார்களிடம் சொல்லியிருந்தால், கதை விடுகிறாய் என்றிருப்பார்கள். இன்று அது நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1997இல் திறக்கப்பட்ட சன்வே பிரமிட் பேரங்காடிக்குள் ஒரு பனித்தளம் அமைந்தது. 2017இல் தென்கிழக்காசிய விளையாட்டு விழா கோலாலம்பூரில் நடந்தபோது, அவ்விழாவின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஐஸ் ஹாக்கியும் சேர்க்கப்பட்டு, டாமன்சாரா பெர்டானாவிலுள்ள எம்பயர் சிட்டியில் ஆட்டங்கள் நடைபெற்றன. தங்கம் வென்றது, நம்மைப் போலவே பனியறியாத பிலிப்பைன்ஸ். புல்தரை ஹாக்கி நமக்குப் புதிதன்று. 1975இல் உலகக் கிண்ணப் போட்டி இதே கோலாலம்பூரில் நடந்து, மலேசியா நான்காவதாக வந்ததை மறவாத பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பனித்தள ஹாக்கி அதற்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பர் வில்லை. ஓட்டத்துக்குப் பதில் சறுக்கல்.

ஆட்டத்தை விவரிப்பது நமது நோக்கமன்று. தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் காமிராவோடு நிற்கிறாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். பிள்ளைகளின் ஆட்டமென்றால் அவர் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் தகப்பனாராக இருப்பார். பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ, கடையை நம்பிக்கையான ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, கேடிஎம் ரயிலில் செத்தியா ஜெயா வரை வந்து, அங்கிருந்து மேம்பாலப் பேருந்தில் மாறி வந்திருப்பார்.

அவர் வேலை எளிதன்று. வில்லை மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். பெரிய ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 100 மைலையும் தாண்டிப் பறக்கும். வில்லையைக் கண்ணால் துரத்துகிறவருக்குப் படம் கிடைக்காது. ஆட்டக்காரரின் தோளைப் பார்த்து, அடுத்த அடி எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான் காமிராவின் கதவு திறக்கலாம். அதற்கு மேல் திறந்திருந்தால் உருவம் கலங்கிப் போகும். கண்ணாடியிலோ வில்லை பட்ட கறுப்புத் தடங்களும் கீறல்களும் நிறைந்திருக்கும். அவற்றுக்கிடையே தெளிந்த இடம் தேடி லென்ஸை ஒட்டிவைக்க வேண்டும். இல்லையேல் முதுகுக்குப் பின்னாலுள்ள கடை விளக்குகளெல்லாம் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் முடிந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்குள் காலடி வைத்தாலோ, குளிர்ந்த காமிராவுக்கு வியர்த்துவிடும். அனுபவசாலிகள் உள்ளேயே அதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெளியே வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவிழ்ப்பார்கள்.

இவற்றுள் ஒரு விஷயம் வியாபாரிகளாகிய நமக்கு நன்றாக விளங்கும். காமிராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி, எதிரே உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணும்படி அமைக்கப்பட்டது. வெண்பனியை அதன் முன் வைத்தால், வெளிச்சம் மிகுதி என்று குறைத்துவிடும். பனி அழுக்குத் துணிபோல் பதிவாகும். ஆகவே கருவி சொல்வதைப்போல் இரட்டிப்பு ஒளியை, சில வேளை அதற்கு மேலும், நாமே கூட்டிவிட வேண்டும். தராசில் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் அது காட்டியதை அப்படியே சீட்டில் எழுதினால் கணக்குத் தவறாகிவிடும். காமிரா பொய் சொல்லாது என்பவர்கள் ஒரு மாலைப்பொழுது பனித்தளத்தருகே நின்று பார்க்கட்டும்.

இனி நாம் கேட்க வந்த கேள்வி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கோல் காக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நிமிடத்தில் வில்லை அவன் கால்களுக்கிடையே புகுந்துவிடுகிறது. எதிரணிப் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அவன் மண்டியிட்டு, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, வாய்விட்டு அழுகிறான். எதிரணிப் பையன் ஒருவனின் தகப்பனார் அந்தக் கணத்தைப் பிடித்துவிடுகிறார். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அதுவே சிறந்தது. வெளிச்சம் சரி, தெளிவு சரி, முகம் பேசுகிறது. ரயிலில் உட்கார்ந்தபடியே அதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கிள்ளான் வந்து சேர்வதற்குள் இருநூறு பேர் பார்த்தாயிற்று. அவர் செய்தது தவறா?

உருவப்படம் எடுக்கலாமா கூடாதா என்ற பழைய விவாதத்தை இங்கே நாம் கிளறவில்லை. அது ஆலிம்களுக்குரியது, கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் நாமெல்லோரும் முகம் கொடுத்தவர்கள்தாம். நமது கேள்வி வேறு.

அந்தத் தகப்பனார் கெட்டவரல்லர். அவர் சொல்லக்கூடிய நியாயங்களும் அற்பமானவையல்ல. பொது இடத்தில் நடந்தது; நூறு பேர் நேரில் பார்த்தது; நான் எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை; வெற்றி இருந்தால் தோல்வியும் இருக்கும், பிள்ளைகள் அதையும் பழக வேண்டாமா என்பார். எல்லாம் சரிதான். ஆனால் அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கிறோமே, அந்த ஒரு பிடியும் அதே மூட்டையின் அரிசிதான். எந்த இடத்தில் குத்தினோம் என்பதில்தான் வியாபாரியின் நாணயம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பையன் தடுத்தது இருபது அடிகள் என்றால், இருநூறு பேருக்குப் போய்ச் சேர்ந்தது தடுக்காத ஓர் அடி.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. ஐஸ் ஹாக்கி உலகில் மிகப் புகழ்பெற்ற புகைப்படம் 1970 மே 10ஆம் தேதி பாஸ்டன் நகரில் எடுக்கப்பட்டது. பாபி ஓர் என்ற ஆட்டக்காரர் கிண்ணத்தை வென்று தரும் கோலை அடித்துவிட்டு, இரு கைகளையும் நீட்டிக் காற்றில் கிடையாகப் பறக்கிறார். எடுத்தவர் ரே லூசியர் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்த மூலையிலிருந்த இருக்கை அவருடையதே அல்ல என்றும், உரியவர் குடிக்க ஏதோ வாங்கப் போன சமயத்தில் இவர் உட்கார்ந்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. (அடுத்தவர் கடை வாசலில் கிடைத்த லாபம் யாருடையது என்பது வேறொரு நாளைக்கு எழுத வேண்டிய வழக்கு.) பறப்பதுபோல் தோன்றுகிறதே, உண்மையில் அது விழுவது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் நோயெல் பிக்கார் அவர் காலைத் தட்டிவிட்டார். விழுந்தவர் வெற்றியாளராக நிற்கிறார்; 2010இல் அதே கோலத்தில் சிலையும் வைத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தில் இன்னொருவர் இருக்கிறார். கோல் கம்பத்தருகே தோற்றுப்போய்ச் சாய்ந்திருக்கும் கிளென் ஹால். 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் 502 ஆட்டங்களில் தொடர்ந்து கோல் காத்தவர் அவர். அதுவும் முகக்கவசம் அணியாமல், பறந்து வரும் ரப்பர் வில்லைக்கு வெறும் முகத்தைக் காட்டி. 1968இல் அவருடைய அணி இறுதிப் போட்டியில் தோற்றும்கூட, அவ்வாண்டுக் கிண்ண ஆட்டங்களின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. அப்பேர்ப்பட்டவரை இன்று எத்தனையோ ஆயிரம் பேர், பாபி ஓரிடம் கோல் வாங்கியவர் என்று மட்டுமே அறிந்திருக்கிறார்கள். 502 ஆட்டங்கள் ஒரு தட்டில்; விநாடியில் ஒரு துணுக்கு மறு தட்டில்; துணுக்குத்தான் கீழே இறங்குகிறது.

ஆயினும் ஹால் விஷயத்தில் லூசியரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஹால் சம்பளம் வாங்கி ஆடியவர். பார்க்க வந்தவர்கள் சீட்டு வாங்கி வந்தவர்கள். தம் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமையை, அதில் தோற்பதைப் பார்க்கும் உரிமையையும் சேர்த்து, அவர் விலைக்குக் கொடுத்தாயிற்று. விற்ற சரக்கைப் பற்றிப் பிறகு முறையிட முடியாது. ஆனால் விற்றது எவ்வளவு என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே என்று ஓர் ஆட்டக்காரரே காட்டியிருக்கிறார்.

1989 மார்ச் 22, பஃபலோ நகரம். மோதி வந்த ஒருவரின் காலணிக் கத்தி, கிளின்ட் மலார்சக் என்ற கோல் காவலரின் கழுத்து நரம்பை அறுத்துவிட்டது. பனித்தளம் சிவந்துபோயிற்று. பார்வையாளர்களில் சிலர் மயங்கி விழுந்தார்கள். வியட்நாம் போரில் மருத்துவ உதவியாளராகப் பணிசெய்திருந்த ஜிம் பிசுடெல்லி ஓடிவந்து விரல்களால் கழுத்தை அமுக்கிப் பிடித்ததால் அவர் பிழைத்தார். அந்த நிலையிலும் தம் காலாலேயே தளத்தைவிட்டு வெளியேறினார் மலார்சக். ஏன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்: தாம் சாகப்போகிறோம் என்றே நினைத்தாராம், தாயார் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததாம், தாயின் கண்முன் சாகக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு அவசரம். சம்பளம் வாங்கியவர்தான், சீட்டு விற்ற ஆட்டந்தான். ஆனாலும் இது விற்பனையில் சேரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அறுபட்ட கழுத்தோடும் தெரிந்திருந்தது.

அப்படியானால் சம்பளமும் வாங்காத, எதையுமே விற்காத, எதை விற்கிறோம் என்று அறியாத ஒன்பது வயதுப் பையனின் அழுகைக்கு நாம் எப்படி உரிமையாளராவோம்? படம் எடுத்தவருடையதாக இருக்கலாம்; காமிராவும் அவர் காசு, உழைப்பும் அவருடையது. முகம் அவருடையதன்று. அது அவர் கையில் வந்து தங்கிய அமானிதம். எடுப்பது வேறு, கொடுப்பது வேறு என்பதே நமது அபிப்பிராயம். எடுக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடிதான் இருக்கிறது. அதற்குள் ஆராய்ச்சி செய் என்று யாரையும் கேட்க முடியாது. கொடுப்பதற்கு இரவு முழுதும் இருக்கிறது.

இதற்காக விழுந்தவர் படமே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. ஜெயித்த முகங்களை மட்டும் காட்டுவதும் கடைவாசலில் நல்ல பழத்தை அடுக்கும் வேலைதான். அதுவும் மூட்டையின் உண்மையன்று. விழுந்து எழுந்ததைப் பெருமையாக எண்ணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அபுதாபியைச் சேர்ந்த ஃபாத்திமா அல் அலி முதலில் காமிராவோடுதான் தளத்தருகே வந்தவர். பின்னர் தாமே மட்டையைக் கையிலெடுத்து, தலைமுக்காட்டோடு ஆடப் பழகினார். 2017இல் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய ஆட்டத்தின் தொடக்கச் சடங்கில் வில்லையைப் போட அவரை அழைத்தார்கள். பனியில் முதன்முதலாக இறங்கும் எவரும் விழாமல் பழகியதில்லை. அந்த நாட்களின் படம் ஒன்று இருந்தால், அதை வெளியிடலாமா கூடாதா என்று சொல்லத் தகுந்தவர் அவர் ஒருவரே. கண்ணாடியின் இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிவது பாதிதான்.

ஆகவே கேட்க வேண்டும். குழுவில் போடுமுன், கோல் காத்த பையனின் தகப்பனாரைத் தனியே அழைத்து, "இப்படி ஒரு படம் அமைந்திருக்கிறது, பாருங்கள்" என்று காட்டினால் ஐந்து நிமிடமாகும். அவர் பையனிடம் கேட்பார். வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டும். எவ்வளவு அழகான படம் தெரியுமா என்று பேரம் பேசக்கூடாது. அவன் தடுத்த அடிகளில் ஒன்றிரண்டு படங்கள் இருந்தால் அவற்றையும் கையோடு கொடுத்துவிடலாம். எதிரணியாரின் காமிராவில் அவை இருக்குமா என்பது வேறு சந்தேகம். தம் பிள்ளை அடிப்பதைப் பிடிக்கத்தானே எல்லோரும் நிற்கிறோம்?

அழும் படத்தை அழித்துவிட வேண்டியதில்லை. அந்தப் பையன் இருபது வயதாகி, எங்கேனும் ஒரு கல்யாண வீட்டில் சந்திக்கும்போது, "மாமா, அந்தப் படம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டாலும் கேட்பான். எடுத்துக் கொடுக்க ஒரு பிரதி இருக்கட்டும்.