வெளிச்சத்துக்கு யார் விலை கொடுப்பது?

மின்சாரம் இல்லாமல் வாழ்வது எப்படியென்று வடபகுதி வாசகர்களுக்கு எவரும் எடுத்துக்கூறத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் மூழ்கியது. யாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி ஏற்றிய விளக்கின் முன்னே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய மோட்டார் வண்டிகளைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள். போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே குடாநாடு நாட்டின் பொது மின்வலையோடு மறுபடி இணைந்தது.

இதை நினைவூட்டுவது பழங்கதை பேசுவதற்காக அன்று. எரிசக்திப் பாதுகாப்பு என்னும் சொல் மாநாட்டு மண்டபத்துச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அதன் பொருள் அடுப்பங்கரையிலும் ஆஸ்பத்திரியிலும் வள்ளத்திலும் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. எரிபொருள் வரிசைகளில் நின்றவாறே சிலர் உயிர்விட்டனர். எமக்கு முன்னரே தெரிந்திருந்ததை அப்போது முழு நாடும் அறிந்துகொண்டது. ஆகவே, இருளில் இருந்தாலும் பரவாயில்லை, நிலக்கரியையும் எண்ணெயையும் இன்றே விட்டுவிட வேண்டும் என்று எவராவது சொன்னால், அவர் இருளில் இருந்து பார்த்தவர் அல்லர் என்று நீங்கள் தாராளமாக எண்ணிக்கொள்ளலாம்.

எனினும் விடத்தான் வேண்டும். புதிய நிலக்கரி மின்நிலையங்களைக் கட்டுவதில்லை என்ற உடன்படிக்கையை 2021 செப்டெம்பரில் முன்னின்று தொடங்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2030 அளவில் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்றும் அரசாங்கம் குறிக்கோள் வகுத்தது. ஆட்சிகள் மாறியும் அந்தப் பாதை கைவிடப்படவில்லை. இதில் அரசாங்கத்தைக் குறைகூற எமக்குக் காரணமில்லை.

ஏனெனில் எண்ணெயும் நிலக்கரியும் தரும் பாதுகாப்பு எத்தகையது என்பதை நாம் கண்டிருக்கிறோம். நுரைச்சோலையிலுள்ள லக்விஜய மின்நிலையம் 900 மெகாவாற் வலுவுள்ளது. அதற்கு வேண்டிய நிலக்கரி ஒவ்வொரு தொன்னும் கப்பலில் வரவேண்டும், டொலரில் வாங்கவேண்டும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்கவும் முடியாது. டொலர் தீர்ந்த 2022இல் அந்தப் பாதுகாப்பும் தீர்ந்தது. சுன்னாகத்து மக்களுக்கோ இன்னொரு கணக்கு உண்டு. அங்குள்ள எண்ணெய் மின்நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2019இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரருக்காக 2 கோடி ரூபா வழங்குமாறு நொதேர்ன் பவர் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஆறில்லாத குடாநாட்டில் ஒரு கிணறு கெடுவதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 2 கோடி ரூபா அதற்கு ஈடாகுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே விடுவதா வேண்டாமா என்பது இன்று கேள்வியே அன்று. விடும்போது அதன் பாரம் எவருடைய தலையில் இறங்குகிறது, இறக்குமுன் அவரை எவராவது கேட்டார்களா என்பதே ஒழுக்கவியற் கேள்வி. இதைப் பொறியியலாளர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

மன்னார்த் தீவை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைத் தொகுதி அங்கே திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். நாட்டிலே காற்று நிறைந்த இடங்களுள் மன்னாரும் ஒன்று என்பது உண்மை. அதற்குப்பின் மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாற் வலுவுக்கு இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. அப்போது கொழும்பிலே நடந்த வாதம் பெரும்பாலும் ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை சதம் என்பதைப் பற்றியும், மத்திய ஆசியாவிலிருந்து பறந்துவரும் பறவைகளைப் பற்றியுமே இருந்தது. இரண்டும் தேவையான வாதங்களே. ஆனால் கரைவலை இழுக்கும் மனிதனைப் பற்றிய பேச்சு மிகச் சிறியதாய் இருந்தது. விலைப்பேச்சு நீடிக்க, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது.

வேறு நிறுவனங்களின் சிறிய திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த பாரவூர்திகளை மறித்து மன்னார் மக்கள் இரவு பகலாக வீதியில் இருந்தனர். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். அதன்பின் வேலை தொடரலாம் என்றானது. செப்டெம்பர் மாதத்து இரவொன்றில் பொலிசார் மக்களைப் பலாத்காரமாகக் கலைத்தனர். மண் மேடுகளும் பாதைகளும் வெள்ளம் வடிந்தோடும் வழியை மறித்துவிட்டன என்பதும், கரையோரத்து மீன் விலகிப் போய்விட்டது என்பதும் மக்களின் முறைப்பாடு. காற்றாலை மழையை விரட்டுகிறது என்போரும் உளர். அதை ஏற்க எனக்கு நியாயம் தென்படவில்லை. ஆனால் ஒருவருடைய முறைப்பாட்டில் ஒரு பகுதி பிழையென்பதற்காக முழுவதையும் தள்ளிவிடுவது நீதியாகாது. தாழ்ந்த நிலத்திலே வெள்ளம் எங்கே நிற்கும் என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவனைவிட எந்த வரைபடம் நன்றாகச் சொல்லும்?

இங்கே வழமையாக ஒரு மறுமொழி வரும். நாடு முழுவதற்கும் நன்மை வருகிறது. சிலர் தியாகம் செய்யத்தானே வேண்டும் என்பார்கள். தியாகம் என்ற சொல் எமக்கு அந்நியமானதன்று. திருப்பலியில் நாளும் கேட்கும் சொல். ஆகவே அதைக் கவனமாகப் பாவிக்கவேண்டும். தன்னுடையதைத் தானே கொடுப்பவன் செய்வது தியாகம். கேளாமல் எடுத்துக்கொண்டபின், எடுத்தவன் அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க முடியாது. பொது நன்மை என்பதும் பெருந்தொகையினரின் வசதி என்று பொருள்படாது. அந்தப் பொதுவுக்குள் பேசாலைக் கடற்றொழிலாளியும் அடங்குவார் அன்றோ?

மடுத்தாயின் திருத்தலத்துக்கு வந்துபோன அதே 2015ஆம் ஆண்டில், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை விடுத்தார். நிலக்கரி முதலான எரிபொருட்களைத் தாமதமின்றிப் படிப்படியாக மாற்றவேண்டும் என்பது அதன் போதனைகளுள் ஒன்று. இதைப் பலரும் அறிவர். அதே மடலில் இன்னொன்றும் உண்டு: ஒரு திட்டத்தின் விளைவுகளை ஆராய்வது திட்டம் தீர்மானமான பின்னர் நடக்கும் சடங்காக இருத்தலாகாது, அவ்விடத்து மக்களுக்கு அந்த ஆலோசனையில் தனியிடம் இருக்கவேண்டும். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்போரும் உளர். இரண்டாவதைக் காட்டி முதலாவதைத் தட்டிக்கழிப்போரும் உளர்.

இதில் இரண்டாவது கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் காற்றாலை வேண்டாம் என்று சொல்லும் அதே வீட்டில் இன்றிரவு விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையிலிருந்து வருகிறது. அங்கேயும் மக்கள் இருக்கிறார்கள். தலவிலைப் புனித அன்னம்மாளின் திருவிழாவுக்குப் போகும் வாசகர்களுக்கு அந்தக் கரை தெரியும். மின்நிலையம் வருமுன் அங்கும் மக்கள் வேண்டாமென்று போராடினர். அது வந்த பின்பு நிலக்கரித் தூசியும் சாம்பலும் தோட்டத்திலும் வீட்டிலும் படிவதாக முறையிட்டனர். மலைநாட்டிலும் அப்படியே. நீர் மின்சாரம் சுத்தமானது என்கிறோம். 2012இல் நிறைவெய்திய 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. தோட்டத் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். எங்கள் முற்றத்துக்கு வராத பாரம் இல்லாமற் போய்விடுவதில்லை. அது வேறொருவர் முற்றத்தில் இருக்கிறது.

ஆகவே எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது. சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரினால் விரட்டப்பட்ட அம்மக்களின் நிலத்திலே நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். பத்து ஆண்டுகளின் பின், 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரி போய்ச் சூரியன் வந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் நிலத்துக்குரியவரைக் கேட்கும் முறையும் அப்படி மாறிவிட்டதா?

பாரம் நிலத்தில் மட்டும் இறங்குவதில்லை, பணப்பையிலும் இறங்குகிறது. 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானது. பழைய விலை நட்டத்தில் விற்ற விலை என்பது உண்மையே. அந்த நட்டத்தையும் யாரோ சுமக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கொழும்பில் மண்ணெண்ணெய் விலையை விசாரிப்பவர் எத்தனைபேர்? குருநகரிலும் பள்ளிமுனையிலும் அது இயந்திரத்துக்கு ஊற்றும் சோறு. மின்சாரத்தில் ஓடும் வள்ளம் இன்னும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. மாற்றுவழி கொடுக்குமுன் பழைய வழியை அடைப்பது, பாலம் கட்டுமுன் தோணியை எரிப்பதற்கு ஒப்பாகும். அதே ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. கையில் பணமுள்ளவர் கூரைமேல் சூரியத் தகடுகளைப் பொருத்திக்கொண்டார். அதிற் பிழையில்லை, நாட்டுக்கு நன்மையே. ஆனால் பொது மின்வலையைப் பேணும் செலவு குறைவதில்லை. வசதியுள்ளவர் அந்தச் செலவிலிருந்து மெல்ல மெல்ல விலகினால், எஞ்சியதைக் கட்டுவது தகரக் கூரையின்கீழ் இருப்பவரே.

அந்த மின்வலையின் இயல்பையும் சிறிது அறிந்திருத்தல் நல்லது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொல்ல, நாடே சிரித்தது. சிரித்ததோடு மறந்தும்விட்டது. விடயம் சிரிப்புக்குரியதன்று. நீர், நிலக்கரி நிலையங்களில் சுழலும் பார இயந்திரங்கள் குயவன் சக்கரத்தைப்போல; ஒருகணம் கையெடுத்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. பாவனை குறைந்த ஞாயிறு பகலில் வெயில் மிகுந்து, பார இயந்திரங்கள் குறைந்திருந்தால், சிறு அதிர்வையும் மின்வலை தாங்காது. அதனைத் தாங்கப் பெரிய மின்கலத் தொகுதிகள் வேண்டும். மேலே நீரேற்றி வைத்துத் தேவையானபோது இறக்கும் நிலையங்கள் வேண்டும். மஹா ஓயாவில் 600 மெகாவாற்றுக்கு அப்படியொரு திட்டம் பேசப்பட்டு வருகிறது. தகடும் காற்றாலையும் திறப்புவிழாப் படத்துக்கு நன்றாக இருக்கும். மின்கலத்துக்கு அந்த அழகில்லை. ஆனால் செலவழிக்கவேண்டிய இடம் அதுவே.

சிறிய அளவில் இதைச் செய்துகாட்டத் தகுந்த இடம் எம் தீவகம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் மின்சாரம் டீசல் ஜெனறேற்றரை நம்பியது. அந்த டீசலும் கடல் கடந்து வரவேண்டியது. காற்றும் வெயிலும் மின்கலமும் சேர்ந்த திட்டமொன்று 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, சீன நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் வேலையை நிறுத்தியது. 2022இல் இந்தியா அதை ஏற்றது. 2024 மார்ச்சில் 1 கோடி 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இரு பெருநாடுகள் தத்தம் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளிலும் தீவகத்து மக்களின் பாதுகாப்பு டீசல் கலனிலேயே இருந்தது.

வாசகர்களே, பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்வதற்கு 30 நாட்கள் வைக்கவேண்டும் என்பது எமது நாட்டுச் சட்டம். பல நூறு பக்கங்கள், வாசிக்க இலேசானதன்று. கடலைத் தெரிந்தவர், கணக்கைத் தெரிந்தவர், சட்டம் படித்த பிள்ளை என்று ஒவ்வொரு பங்கிலும் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்கள் பாடசாலை மண்டபத்தில் இரண்டு மாலை கூடி அதை வாசித்து, எதை ஏற்கிறோம், எதை மாற்றவேண்டும், காற்றாலையை எந்த இடத்தில் வைத்தால் வெள்ளம் வடியும் என்று எழுதி அனுப்பலாம். வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லைவிட அந்தக் கடிதத்தைத் தட்டிக்கழிப்பது அதிகாரிகளுக்குக் கடினம். முடியுமானால் நுரைச்சோலையிலிருந்தும் ஒருவரை அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் சொல்வதையும் கேட்டபின் கடிதத்தை எழுதலாம்.