முத்திரைக்கு ஒரு விலை
எம்.ஏ.பி. மாடல் டி. பிரான்சின் பயோன் நகரில் செய்த 7.65 மி.மீ. கைத்துப்பாக்கி. 1940 முதல் 1944 வரை, ஆக்கிரமிப்புக் காலத்தில், அதே தொழிற்சாலை அதை ஜெர்மானியர்களுக்குச் செய்துகொடுத்தது. போர் முடிந்ததும் பிரெஞ்சுப் போலீஸுக்கு.

ஜெர்மன் சோதனை முத்திரை இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். இலக்கு அட்டையைப் பார்த்துச் சுட்டால் இரண்டும் ஒண்ணுதான். அப்போ அந்தக் கூடுதல் காசு எதுக்கு? யார் இடுப்பில் இருந்தது என்ற கதைக்கு.

அந்தக் கதையில் அதைச் செய்த தொழிலாளி இல்லை. "என் வேலையத்தானே செஞ்சேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் மென்பொருள் எழுதிவிட்டு அதையேதான் சொல்கிறேன். அது யாரிடம் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் ஊரில் அந்நிய ராணுவம் நின்றது. எனக்கு இருப்பது வீட்டுக் கடன் தவணை மட்டும்தான்.