கேட்காதவரின் வட்டி

சிங்கப்பூரின் பெரிய வங்கிகளில் சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பல ஆண்டுகளாக அடிப்படை வட்டி 0.05 விழுக்காடு. 40,000 வெள்ளி ஒரு வருஷம் முழுக்கக் கிடந்தால் 20 வெள்ளி. 2023இல் அரசாங்கத்தின் ஆறு மாத டி-பில் 4 விழுக்காட்டை ஒட்டி நின்றது; அந்தக் கணக்கின் எண் மட்டும் அசையவில்லை.

காரணம் எளிது. பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று தெரிந்தால், வங்கி எதற்கு அதிகம் தரணும்? நகர்கிறவர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு. சம்பளம் அதில் வந்து விழணும், கடன் அட்டையில் மாதாமாதம் செலவழிக்கணும்; வட்டி ஏறும். எனக்கு ஏறுகிறது. அம்மாவுக்குச் சம்பளமும் இல்லை, அட்டையும் இல்லை. இரண்டு கணக்குக்கும் வைப்புக் காப்புறுதி ஒன்றுதான். ஆகவே எனக்குக் கிடைக்கும் கூடுதல், ஆபத்துக்கான கூலி இல்லை. அம்மா மாதிரி ஆட்கள் மலிவாக விட்டுவைக்கும் பணத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

யூனிட் டிரஸ்டிலும் இதே கதை. ஆண்டுக்கு 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் என்றால் யாருக்கும் பில் வராது. யூனிட் விலையிலேயே கழிந்துவிடும். 30 ஆண்டில், கட்டணமே இல்லாமல் சேர்ந்திருக்கக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. கேட்டால்தானே குறைப்பார்கள்.

இது திருட்டா? இல்லை. எல்லாமே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. "மாத்திக்க வேண்டியதுதானே, யார் வேணாம்னா?" என்பான் நண்பன். அவன் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் பொறியியல் படித்தவனுக்கு அது போதாது. மின்தூக்கியில் மின்சாரம் நின்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். யாரும் எதுவும் செய்யாதபோது இயந்திரம் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். சேமிப்புக் கணக்கு நேரெதிராகச் சாய்கிறது: ஒன்றும் செய்யாதவருக்கு ஆகக் குறைந்தது.

வேறு மாதிரி அமைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில், நாம் தூங்கினாலும் 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது. அது அரசாங்கம், இது வியாபாரம் என்பீர்கள். சரி. ஆனால் வியாபாரம் ஒருவரின் நம்பிக்கையையும் சோம்பலையும் ஒரே கணக்கில் எழுதும்போது, நம்புகிறவர்தான் அதிகம் இழக்கிறார்.

அம்மாவின் பணத்தை மாற்றித் தருவது எனக்கு அரை மணி நேர வேலை. ஆப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இல்லாத அடுத்த வீட்டுப் பாட்டிக்கு அந்த அரை மணி நேரத்தை யார் தருவது? என் வட்டியில் அவருடையதும் இருக்கிறது.