முசுடு

மாமரம் ஏறிப் பழகியவர்களுக்கு முசுறு எறும்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தரையில் புற்று வைக்காது. மரத்திலுள்ள பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, தன் புழுக்கள் விடும் நூலால் ஒட்டிக் கூடு கட்டும். கிளை அசைந்தால் போதும், படையாக வந்து கடிக்கும். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். முசுடு என்றாலும் இதே எறும்புதான். எந்நேரமும் கடுகடுவென்று இருப்பவரை ‘சரியான முசுடு’ என்கிறோமே, அந்த முசுடு. தென்சீனத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதன் கூடுகளை விலைக்கு வாங்கி மரங்களில் தொங்கவிட்டார்கள். இந்த எறும்பு இருந்தால் பூச்சி அண்டாது.

கோபக்காரர்களுக்கு முசுடு போலவே சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி, முன்கோபி என்று நம்மிடம் இன்னும் எத்தனையோ சொற்கள். எந்தச் சொல் யாருக்குப் போகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டுப் பெரியவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அவர் துர்வாசர். சாபமிட்டாலும் முனிவராயிற்றே! ‘கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்’ என்று கூடவே ஒரு சமாதானமும் வரும். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் மருமகள் வெடுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சிடுமூஞ்சி. அவள் கோபத்தில் குணத்தைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான். தன் கோபம் பலிக்கிற இடத்தில் அதை அடக்குகிறவரையே கோபத்தை அடக்கியவர் என்கிறார். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்றும் கேட்கிறார். அவர் பார்வை முழுவதும் பெரியவர் மேல்தான். நாமோ மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒருமுறை அரசு மருத்துவமனையில் உறவினருக்குத் துணையாக இரவு தங்கியிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களை நர்ஸம்மா அதட்டி எழுப்பினார். “டிரிப்ஸ் முடியறதுக்குள்ள கூப்பிடுங்கன்னு சொன்னேன்ல? இப்படித் தூங்கினா எப்படி?” என்று ஒரு பெரியவரின் மகனிடம் எரிந்து விழுந்தார். திட்டிக்கொண்டே பாட்டிலை மாற்றி, குழாயைச் சுண்டி, காற்றுக்குமிழி இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அந்த வார்டு முழுவதற்கும் அன்றிரவு அவர் ஒருவர்தான். அதைப் பற்றித்தான் முதலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். “இந்தம்மா எப்பவுமே சிடுமூஞ்சி” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆள் பற்றாக்குறையைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது.